சட்டம் படித்தவரின் உயில்

காலை நடை முடிந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நண்பர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். "படிச்சுப் பாருங்க சார். உயில். நானே எழுதிட்டேன். வக்கீலுக்கு எதுக்குத் தண்டம் அழணும்? ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், ரிஜிஸ்தர் கட்டாயமில்லை, ரெண்டு சாட்சி இருந்தாப் போதும்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் தாளைப் படித்துக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றுவிட்டேன். அந்த வரி என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் 150 வருஷத்துக்கு முந்தைய கல்கத்தாவுக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

பிரசன்னகுமார் தாகூர் என்று ஒருவர் இருந்தார். கவி ரவீந்திரநாத் ஜோராசாங்கோ தாகூர். இவர் அதே வம்சத்தின் பாதுரியாகட்டாக் கிளை. கல்கத்தா சதர் திவானி அதாலத்தில் அரசாங்க வக்கீலாக இருந்து பெரும் பொருள் சேர்த்தவர். 'விவாத சிந்தாமணி' என்ற பழைய இந்து தர்ம நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் இவரே. இந்து சட்டம் இவருக்குத் தெரியாது என்று அன்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

அவருக்கு ஒரே மகன், ஞானேந்திரமோகன். 1851இல் கிறிஸ்தவரானார். பாதிரியார் கிருஷ்ணமோகன் பானர்ஜியின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டார். பிறகு லண்டன் லிங்கன்ஸ் இன்னில் படித்து, பாரிஸ்டரான முதல் இந்தியர் என்ற பெயரும் எடுத்தார். அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. 1850இல் வந்த சட்டப்படி, மதம் மாறினாலும் வாரிசுரிமை போகாது. ஆகவே சும்மா இருந்தால் சொத்து மகனுக்கே போய்விடும். தடுக்க ஒரே வழி உயில். வங்காளத்தில் நடந்த தாயபாகச் சட்டத்தில் அப்பா தன் இஷ்டப்படி சொத்தை எழுதிவைக்கலாம். நம் பக்கத்து மிதாக்ஷரத்தில் பிதிரார்ஜித சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு என்பதால் அது நடக்காது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகுதான் கூட்டுக்குடும்பச் சொத்தில் உள்ள தன் பங்கை ஒருவர் உயிலில் எழுத வழி பிறந்தது.

'உயில்' என்பதே 'வில்' என்ற ஆங்கிலச் சொல் நம் வாயில் உருமாறியதுதான். சொல் வந்த வழியிலேயே வழக்கமும் வந்தது. நம் சென்னையில் 1794இல் காலமான பச்சையப்ப முதலியார் தர்மங்களுக்கென்று உயில் எழுதிவைத்துப் போனார். அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் திறந்தது 1842இல்தான். நடுவில் கோர்ட்டு, வழக்கு என்று ஒரு தலைமுறைக்கு மேல் ஓடிவிட்டது. 1870இல் இந்து உயில் சட்டம் வந்தபோதும் வங்காளத்துக்கும் சென்னை, பம்பாய் நகரங்களுக்கும்தான் பொருந்தியது. நம் ஜில்லாக்களில் உயில் எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும் என்ற கட்டாயம் 1927 ஜனவரி முதல்தான். அதுவரை வாய்மொழி உயிலும் செல்லும். சாகும் தறுவாயில் தாத்தா என்ன சொன்னார் என்று சண்டை போட்ட குடும்பங்கள் எத்தனையோ!

கல்கத்தாவுக்குத் திரும்புவோம். பிரசன்னகுமார் 1862இல் உயில் எழுதினார். மகனுக்கு இதில் ஒன்றுமில்லை, அவனுக்குச் செய்ய வேண்டியதை ஏற்கெனவே செய்தாகிவிட்டது என்பது அதன் சாரம். அண்ணன் மகன் ஜதீந்திரமோகன் ஆயுள் உள்ளவரை அனுபவிக்க வேண்டும். அவருக்குப் பிறகு அவருக்குப் பிறக்கும் மூத்த மகன், அவருக்குப் பின் அவர் மகன் என்று ஆண்வழியாகவே சொத்து பிரியாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கிளை அற்றால் ஜதீந்திரமோகனின் தம்பி சௌரீந்திரமோகனின் கிளைக்கு. இங்கிலாந்துப் பிரபுக்கள் தங்கள் எஸ்டேட்டைக் கட்டிவைக்கும் ஏற்பாடு இது. அதை அப்படியே கொண்டுவந்து இந்து சொத்தின் மேல் போர்த்திவிட்டார். கூடவே கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர் ஒருவருக்கு மாதம் 1,000 ரூபாய் ஏற்பாடு செய்தார்.

1868இல் காலமானார். மகன் வழக்குப் போட்டார். கல்கத்தா ஹைகோர்ட்டு தாண்டி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1872இல் தீர்ப்பு. தனக்கு இஷ்டமானவருக்குச் சொத்தை எழுதிவைக்க ஒருவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சட்டத்தில் இல்லாத புதிய வாரிசு வரிசை ஒன்றைத் தானே உண்டாக்க அதிகாரம் இல்லை. உயில் எழுதியவர் சாகும்போது உலகத்தில் இல்லாத ஒருவருக்கு இந்து சட்டப்படி எதையும் கொடுக்க முடியாது. வாங்கிக்கொள்ளக் கை வேண்டாமா? (அப்போது கருவில் இருக்கும் குழந்தை மட்டும் விலக்கு.) ஆகவே ஜதீந்திரமோகன் ஆயுள்வரை அனுபவிப்பது செல்லும். அதற்குப் பின்னால் எழுதிய அத்தனையும் செல்லாது. மீதிச் சொத்து உயிலே எழுதாதது போல வாரிசுக்குப் போகும். வாரிசு யார்? எந்த மகனுக்குப் போகக் கூடாது என்று இத்தனை பக்கம் எழுதினாரோ, அதே மகன்.

ஞானேந்திரமோகன் 1890இல் இறந்தார். ஜதீந்திரமோகன் 1908 வரை இருந்தார். ஆக, ஜெயித்தவர் ஆயுள் அனுபோகம் முடியும் நாளைப் பார்க்கவேயில்லை. உயிலில் சேதாரமில்லாமல் நிலைத்தவற்றில் ஒன்று அந்தச் சட்டப் பேராசிரியர் ஏற்பாடு. தாகூர் சட்டச் சொற்பொழிவுகள் என்ற பெயரில் பெரிய பெரிய நிபுணர்கள் பேசிய புத்தகங்கள் இன்றும் வக்கீல்களின் அலமாரியில் இருக்கின்றன.

பிறக்காதவருக்குக் கொடுக்க முடியாது என்ற விதியை முதலில் தளர்த்தியது நம் சென்னை மாகாணம், 1914இல். மற்ற இடங்களுக்கு 1916இல் சட்டம் வந்தது. சென்னை நகரத்துக்கு 1921இல் தனியாக இன்னொன்று போட வேண்டியிருந்தது. ஆனாலும் கதவு முழுக்கத் திறக்கவில்லை. ஒருவர் அனுபவித்த பிறகு, பிறக்காத பேரனுக்கு என்று எழுதினால், மிச்சமுள்ளதை முழு உரிமையாகக் கொடுக்க வேண்டும். அவனுக்கும் ஆயுள்வரை மட்டும் என்று எழுதினால் செல்லாது. பழைய பத்திரங்களில் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' என்று அழகாக எழுதுவார்களே, அதைக் கோர்ட்டு படிக்கும் விதமே வேறு. வாங்குபவருக்கு முழுப் பாத்தியம், அவர் விற்கலாம் என்றுதான் அர்த்தம் செய்வார்கள். பேரனுக்குக் காப்பாற்றி வைத்தோம் என்று எழுதியவர் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார். இன்னொன்று: ஒரே உயிலில் இரண்டு ஷரத்து முரண்பட்டால் பின்னால் எழுதியதுதான் நிற்கும். இது பாதிப் பேருக்குத் தெரியாது.

இனி நண்பரின் தாள். 'மேற்படி வீட்டை என் குமாரன் ஆயுள் பரியந்தம் அனுபவித்து, அவனுக்குப் பின் அவனுக்குப் பிறக்கும் மூத்த ஆண் குழந்தை ஆயுள் பரியந்தம் அனுபவித்து, அதன்பின் அவன் ஆண் சந்ததிகள் அடைய வேண்டியது. யாரும் விற்கக் கூடாது.' கீழே இன்னொரு வரி: 'என் குமாரத்திக்குக் கல்யாணத்தின்போதே வேண்டியது செய்துவிட்டபடியால் இதில் பாத்தியமில்லை.'

பையனுக்குப் போன ஆவணியில்தான் கல்யாணம். குழந்தை இன்னும் இல்லை.

நண்பர் மனைவியை இழந்தவர். இது இப்படியே இருந்தால், மகன் காலத்துக்குப் பிறகு என்று எழுதியதெல்லாம் விழுந்துவிடும். உயில் எழுதாத சொத்துபோல மகனுக்கும் மகளுக்கும் பாதிப் பாதியாகும். அது நியாயமா அநியாயமா என்பது வேறு பேச்சு. (எனக்குக் கேட்டால் மகளுக்கும் கொடுக்க வேண்டியதுதான், அவரிடம் சொன்னேன், பதில் வரவில்லை.) ஆனால் அவர் நினைத்தது அதுவல்ல. அதைத் தீர்மானிக்க அண்ணனும் தங்கையும் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டிவரும்.

தாகூர் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் புங்க மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தாகூரே பெரிய வக்கீல்னு சொன்னீங்களே சார்?"

"ஆமாம்."

"அவரே இன்னொரு வக்கீல்கிட்ட காட்டியிருக்கணும்ங்கறீங்க."

தாளை மறுபடி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை என் வக்கீலிடம் அழைத்துப் போகிறேன். மகளையும் வரச் சொல்லலாமா என்று அவரேதான் கேட்டார்.