ஆசிரியர் பணிநேரம்

பாடம் நடத்துவது, பாடக்குறிப்பு எழுதுவது, விடைத்தாள் திருத்துவது, பதிவேடுகளை நிரப்புவது, பெற்றோரைச் சந்திப்பது, அரசு சொல்லும் பிற வேலைகளைச் செய்வது ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஆசிரியரின் பணிநேரம். இந்தியாவில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு இதன் அளவை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்திருக்கிறது. தயாரிப்பு நேரத்தையும் சேர்த்து வாரத்துக்குக் குறைந்தது 45 மணி நேரம். தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டில் 200 வேலைநாள், 800 மணி நேரப் பாடம். 6 முதல் 8 வரை 220 நாள், 1,000 மணி. கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு நான்கு அல்லது நாலரை மணி நேரம்தான் பாடம். வாரத்துக்கு ஐந்து நாள் பள்ளி என்றால், 45 மணியில் ஏறத்தாழ பாதி வகுப்புக்கு வெளியே அமைகிறது. மறுநாள் பாடத்துக்குத் தயாராக வேண்டிய அந்தப் பாதியைத்தான் பிற வேலைகள் தின்றுவிடுகின்றன.

தமிழ்நாட்டின் ஈராசிரியர் பள்ளிகளில் இது கண்கூடு. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும் என்கிறது சட்டம், வகுப்புகளோ ஐந்து. காலையில் கைப்பேசியில் பள்ளிக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ செயலியைத் திறந்து வருகையைப் பதிய வேண்டும். சத்துணவுக்கு எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். விலையில்லாப் பாடநூலும் சீருடையும் காலணியும் வந்தால் பிரித்துக் கொடுத்து, அதையும் பதிவேற்ற வேண்டும். இருவரில் ஒருவர்தான் தலைமையாசிரியர். கூட்டம், கோப்பு, சான்றிதழ் எல்லாம் அவர் தலையில். அவர் வட்டாரக் கல்வி அலுவலகம் போகிற நாளில், ஐந்து வகுப்புகளும் மற்றவர் பொறுப்பு.

கல்வி சாராத வேலைகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது சட்டத்தின் 27-ஆம் பிரிவு. ஆனால் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. இவற்றில் தேர்தல் வேலை வாக்குப்பதிவு நாளோடு முடிவதில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலராக நியமிக்கப்படும் ஆசிரியர் வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். விடுமுறை நாளிலும் பாடம் நடக்காத நாளிலும்தான் ஆசிரியர்களை இதில் ஈடுபடுத்த வேண்டும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாணவரின் பாடவேளையைக் காத்த நல்ல தீர்ப்பு அது. ஆசிரியரின் ஓய்வுக்கும் தயாரிப்புக்கும் அப்படியொரு காவல் இன்னும் இல்லை.

இந்தச் சுமை ஏழை நாடுகளுக்கு மட்டும் உரியதல்ல. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் 2018 ஆய்வில், ஜப்பானின் நடுநிலைப்பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைத்தார்கள்; பாடம் நடத்தியது 18 மணி மட்டுமே. பங்கேற்ற நாடுகளின் சராசரி 38.3 மணி, அதில் பாடம் 20.3. ஜப்பானில் விளையாட்டு, இசை போன்ற மாணவர் கழகங்களுக்கு மட்டும் ஏழரை மணி போனது. அங்கே 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுப்பள்ளி ஆசிரியர்களுக்கு மிகைநேரப் படிக்குப் பதிலாகச் சம்பளத்தில் 4 சதவீதம் கூடுதலாகத் தரப்பட்டது. அதைப் படிப்படியாக 10 சதவீதமாக்க 2025-இல் சட்டம் திருத்தப்பட்டது. இதைவிட முக்கியமான மாற்றம் 2023-இல் தொடங்கியது: வார இறுதிக் கழகப் பயிற்சிகளை உள்ளூர் அமைப்புகளிடம் கொஞ்சம் கொஞ்சமாக ஒப்படைத்து வருகிறார்கள்.