ஆமென்

ஜெபம் முடிந்ததும் சபையார் சேர்ந்து சொல்லும் ‘ஆமென்’ எபிரேயச் சொல். ‘அப்படியே ஆகட்டும்’ என்பது அதன் பொருளில் பாதிதான். வேர் ‘அமன்’: உறுதியாக நிற்றல். விசுவாசத்தைக் குறிக்கும் ‘எமுனா’வும் இதே வேரில் பிறந்தது.

யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தில் அமலேக்கியரோடு போர். மலையுச்சியில் மோசே உயர்த்திப் பிடித்த கைகள் ஓய்ந்துபோகின்றன. ஒரு கல்லை இட்டு அவரை உட்காரவைத்து, ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்குகிறார்கள்; சூரியன் அஸ்தமிக்கும்வரை கைகள் உறுதியாக நிற்கின்றன. அந்த உறுதிக்கு மூலத்தில் உள்ள சொல் ‘எமுனா’! பிறர் தாங்கிய கைகளுக்கும் அதே பெயர் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

எருசலேமின்மேல் இரண்டு ராஜாக்கள் படையெடுத்தபோது, நடுங்கிய ஆகாஸ் ராஜாவிடம் ஏசாயா தீர்க்கதரிசி பேசியதும் இந்த வேர்ச்சொல்லை வைத்துத்தான்: ‘நம்பாவிட்டால் நிலைத்திருக்கமாட்டீர்கள்’ என்ற அவர் வாக்கில் நம்புவதற்கும் நிலைத்திருப்பதற்கும் ஒரே வினை.