செவ்வாப்பேட்டை ரோடும் 48 வருஷ லேட்டும்

சென்னைக்கு வேலைக்கு வர்ற யாரையும் கொஞ்ச நாள்ல ஒரு கேள்வி பிடிச்சுக்கும். சிட்டிக்குள்ளயே வாடகை கொடுத்து அழியறதா, இல்ல ரயில் பிடிக்கிற தூரத்துல ஒரு ஊராப் பார்த்து மனை வாங்கிப் போடறதா? "தாம்பரம் பக்கம் பாரு", "ஆவடி தாண்டிப் போ", "கும்மிடிப்பூண்டி லைன்ல இன்னும் விலை ஏறலை"ன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. எல்லாரும் விலையைச் சொல்றாங்க. அந்த விலை ஏன் அப்படி இருக்குன்னு கேட்டா பதில் கிடையாது. நானும் தங்கமணியும் சில மாசமா செவ்வாப்பேட்டை பக்கம் மனை பார்த்துக்கிட்டிருக்கோம். விலையைத் தோண்டினா அடியில வரலாறுதான் வந்து நிக்குது. அதான் இந்தப் பதிவு.

முதல்ல ஊர் எங்க இருக்குன்னு சொல்லிடறேன். சென்ட்ரல்லேருந்து அரக்கோணம் போற பாதையில ஆவடி, திருநின்றவூர், வேப்பம்பட்டு தாண்டினா செவ்வாப்பேட்டை ரோடு. அப்புறம் புட்லூர், திருவள்ளூர். சென்ட்ரல்லேருந்து சுமார் 35 கிலோமீட்டர், லோக்கல் வண்டியில ஏறக்குறைய ஒரு மணி நேரம். (சேலத்துல இருக்கிற செவ்வாய்ப்பேட்டை வேற. யாராவது கேட்கறதுக்கு முன்னாடி சொல்லிடறேன்!)

அந்த 'ரோடு'ங்கிற வாலைக் கவனிங்க. ரயில்வேக்காரங்க ஒரு ஊர் பேரோட ரோடு சேர்த்தா, ஊர் இங்க இல்லை, ஊருக்குப் போற ரோடுதான் இங்க இருக்குன்னு அர்த்தம். தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்துலேருந்து கிளம்பினது இந்தப் பாதையிலதான். அது போய் நின்ன இடமும் ஒரு ரோடுதான், வாலாஜா ரோடு. மெட்ராஸ் ரயில்வே கம்பெனிக்கு நடுவுல இருக்கிற ஊரெல்லாம் பொருட்டே இல்லை. நாட்டைக் குறுக்கே கடந்து மேற்குக் கடற்கரையில பேப்பூருக்குப் போய்ச் சேரணும், அதுதான் நோக்கம். 1860-களோட ஆரம்பத்துல போய்ச் சேர்ந்துட்டாங்க. போட்ட முதலுக்கு வட்டி உத்தரவாதம் வேற இருந்தது. தினம் காலைல வேலைக்குப் போய் சாயங்காலம் வீடு திரும்பற ஆளை மனசுல வச்சுப் போட்ட பாதையே கிடையாது இது.

அந்த ஆளை நினைச்சு வேலை நடந்தது தெற்குப் பக்கம். பம்பாய்ல 1925-ல மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சது. சென்னைல 1931 மே மாசம் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவுல மீட்டர் கேஜ்ல மின்சார ரயில் பொதுமக்களுக்காக ஓடுச்சு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான், 1920-கள்ல, மாம்பலத்து ஏரியைத் தூர்த்து தி.நகர் போட ஆரம்பிச்சிருந்தாங்க. 1937-ல கிறிஸ்தவக் கல்லூரியே ஊருக்கு நடுவுலேருந்து தாம்பரத்துக்குப் போயிடுச்சு. ரயில் வந்தது, பின்னாலயே குடித்தனமும் வந்தது. மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டைன்னு நடுத்தர வர்க்கம் தெற்கே போனதுக்கு வாஸ்து ஒண்ணும் காரணம் இல்லீங்க :-)

மேற்குப் பாதைக்கு மின்சாரம் எப்ப வந்துச்சு? சென்ட்ரல் முதல் திருவள்ளூர் வரை 1979 நவம்பர்ல. கும்மிடிப்பூண்டி பாதைக்கும் அதே வருஷம்தான். அதாவது தாம்பரத்துக்கு 48 வருஷம் கழிச்சு! தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் ஓடின பாதைக்கு இந்தக் கதி. நீங்க இன்னைக்கு குரோம்பேட்டை விலைக்கும் செவ்வாப்பேட்டை விலைக்கும் நடுவுல பார்க்கிற வித்தியாசத்துல இந்த 48 வருஷத்துக்குப் பெரிய பங்கு இருக்குங்கறது என் கட்சி.

ஆனா அந்த 48 வருஷமும் மேற்குப் பக்கம் சும்மா கிடக்கலை. 1955 அக்டோபர் 2-ம் தேதி பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்து வச்சார். அதே வருஷம் ஜனவரியில ஆவடி காங்கிரஸ் மாநாட்டுலதான் சோஷலிச பாணி சமுதாயம்னு தீர்மானம் போட்டிருந்தாங்க. 1961-ல ஆவடியில டாங்கு தொழிற்சாலை, 1965-ல அங்கேருந்து முதல் விஜயந்தா டாங்கு. அம்பத்தூர்ல டிஐ சைக்கிள், டன்லப், அப்புறம் 60-கள்ல தொழிற்பேட்டை. பட்டாபிராம்ல மிலிட்டரி சைடிங்னு தனியா ஒரு கிளைப் பாதையே பிரியுது. தெற்குப் பாதை ஆபீஸ் போறவங்க பாதையாச்சுன்னா, மேற்குப் பாதை ஷிப்டுக்குப் போறவங்க பாதையாச்சு. அரக்கோணம், திருவள்ளூர் பக்கத்து ஜனங்க சென்ட்ரல் வரைக்கும் வரவே வேண்டாம், வழியிலேயே இறங்கிடலாம்.

போன மாசம் வண்டியில பக்கத்து சீட்டுல ஒரு பெரியவர். ஆவடி டாங்கு ஃபேக்டரில இருந்து ரிட்டயர் ஆனவர், 80-கள்லயே வேப்பம்பட்டுல மனை வாங்கினவராம்.

"எங்க வேலை தம்பி?"

"சிறுசேரி சார்."

"அப்புறம் எதுக்குத் தம்பி இந்தப் பக்கம் மனை பார்க்குறே?"

என்ன பதில் சொல்றது? தங்கமணிக்கு அம்பத்தூர்ல ஆபீஸ், செவ்வாப்பேட்டைலேருந்து அரை மணி நேரம். எனக்கு? சென்ட்ரல் வரைக்கும் ஒரு மணி, அங்கேருந்து பறக்கும் ரயில்ல திருவான்மியூர், அப்புறம் ஓஎம்ஆர் பஸ். இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது, ஒரு வழிக்கு மட்டும். 2000-ல தரமணில டைடல் பார்க் திறந்ததுலேருந்து மென்பொருள் வேலையில பெரும்பங்கு தெற்குலயே போய் உட்கார்ந்துடுச்சு. மறுபடியும் தெற்கு!

இதுல ஜப்பான்காரர் ஒருத்தர் கதை ஞாபகம் வருது. கோபயாஷி இச்சிஸோன்னு பேரு. 1910-ல ஒசாகா பக்கத்துல ஒரு மின்சார ரயில் பாதை திறந்தார். ஜனமே இல்லாத பாதை. மனுஷன் என்ன பண்ணார்னா, பாதை ஓரமா நிலத்தை முன்னாடியே வாங்கி, வீடு கட்டி, மாசத் தவணைக்கு வித்தார். கோடிக்கு ஒரு பக்கம் நாடகக் குழு, இன்னொரு பக்கம் ஸ்டேஷன்லயே பெரிய கடை. பாதை போட்டவரும் வீடு வித்தவரும் ஒரே ஆள். நம்ம ஊர்ல பாதை போட்டது பேப்பூர் போக. வீட்டு மனை போட்டது ஸ்டேஷன் வாசல்ல நோட்டீஸ் கொடுக்கிறவர். ரெண்டு பேருக்கும் நடுவுல 100 வருஷத்துக்கு மேல இடைவெளி.

திட்டம் போட வேண்டியவங்க எங்கன்னு கேட்டா, சிஎம்டிஏவோட எல்லைக் கோடு இந்தப் பாதையில திருநின்றவூரோட நின்னுடுச்சு. மொத்தமே 1,189 சதுர கிலோமீட்டர். வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை கோட்டுக்கு வெளில, அதாவது டிடிசிபி. பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன், ஆனா அனுமதிக்கு வேற வேற ஆபீஸ். அனுமதியே வாங்காம வயலைக் கோடு போட்டு வித்ததும் எக்கச்சக்கம். 2016 செப்டம்பர்ல உயர் நீதிமன்றம் அந்த மாதிரி மனைகளைப் பத்திரம் பதியக் கூடாதுன்னு தடை போட்டப்பதான் பல பேருக்கு தாங்க வாங்கினது என்னன்னே தெரிஞ்சது. 2017-ல வரன்முறைப்படுத்த விதி வந்துச்சு. 2022 அக்டோபர்ல சென்னைப் பெருநகர எல்லையை 5,904 சதுர கிலோமீட்டரா விரிச்சு, செவ்வாப்பேட்டை, திருவள்ளூரையெல்லாம் உள்ளே சேர்த்தாங்க. மனை போட்டு வித்து முடிச்சதுக்கு அப்புறம்.

திருநின்றவூர்னதும் பூசலாரைச் சொல்லாம போக முடியலை. கையில காசில்லாம மனசுக்குள்ளயே கல்லு கல்லா அடுக்கி சிவனுக்குக் கோயில் கட்டினவர். ஹோம் லோனுக்கு அலையற எங்களை மாதிரி ஆளுங்களுக்கு அவர்தான் குலதெய்வம்.

இன்னொரு விஷயம், இதைத்தான் நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை (திருவள்ளூர் அதுலேருந்து 1997-ல பிரிஞ்சது) ஏரி மாவட்டம்னு சொல்வாங்க. ஒரு ஏரி நிரம்பினா அடுத்த ஏரிக்குப் போற மாதிரி கட்டி வச்ச ஊருங்க. இந்த ரயில் பாதை ஓரமா நீங்க பார்க்கிற பல 'நகர்'கள் ஒரு காலத்துல அந்த ஏரிங்களோட பாசன வயல். புரோக்கர் காட்டற கலர் பிளான்ல கால்வாய் இருக்காது. கிராம நிர்வாக அலுவலர்கிட்ட அ-பதிவேடும் புல வரைபடமும் பாருங்க. வண்டிப்பாதை, ஓடை, தாங்கல், மேய்க்கால்னு எல்லாம் அங்க இருக்கும். வில்லங்கச் சான்றுல யார் யாருக்கு வித்தாங்கன்னுதான் தெரியும், தண்ணி எந்த வழியாப் போச்சுன்னு தெரியாது.

2024 நவம்பர்ல பட்டாபிராம்ல 21 மாடி டைடல் பார்க் திறந்துட்டாங்க. செவ்வாப்பேட்டைலேருந்து சில ஸ்டேஷன்தான். எங்க கம்பெனி அங்க வர்றதா ஒரு பேச்சும் இல்லை. ஆனா வாரத்துல ரெண்டு நாள் மட்டும் ஆபீஸ் வந்தா போதும்னு இருக்கிற வரைக்கும், தங்கமணியோட அஞ்சு நாளை விட என்னோட ரெண்டு நாள் பெரிசில்லைன்னு வீட்டுல தீர்ப்பாயிடுச்சு. அட்வான்ஸ் இன்னும் கொடுக்கலை. ஐப்பசி, கார்த்திகைல நல்லா ஒரு மழை அடிச்சு விட்ட மறுநாள் போய், மனைல எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு ஒரு தடவை பார்த்துட்டு அப்புறம் கொடுக்கலாம்னு இருக்கோம்.