கையெழுத்துக்கு முன்னால் ஒரு வரலாறு

ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட அறை. மேசையின் ஒரு பக்கத்தில் ஐந்து பேர். மறுபக்கத்தில் ஒரு தாயும், மொழிபெயர்க்கப் போன நானும். அவர் என் காதருகே கேட்டார்: "அக்கா, இதிலை கையெழுத்து வைச்சா பிள்ளையை ஒதுக்கிப்போடுவினமோ?"

"இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ. வீட்டை போய் யோசிப்பம்" என்றேன். நல்ல புத்தி சொன்னதாகவே நினைத்தேன்.

பிறகுதான் அந்த மேசை எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். ஒன்ராறியோவில் ஒரு காலத்தில் விசேட கல்வி கொடுப்பதும் விடுவதும் பள்ளிச் சபைகளின் விருப்பம். அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக, 1940களின் இறுதியில் பெற்றோரே ஒன்றுகூடி வகுப்புகளைத் தொடங்கினார்கள். 1980இல் நிறைவேறிய 82ஆம் இலக்கச் சட்டமூலம் அந்த விருப்பத்தைக் கடமையாக்கியது. எல்லாச் சபைகளுக்கும் 1985 வரை அவகாசம். 1983 ஆடிக் கலவரத்தின் பின் எங்கள் சனம் இங்கே வந்து இறங்கிய அதே ஆண்டுகள் அவை. ஊரில் பார்வை, செவிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்குக் கைதடி நவீல்ட் பாடசாலை இருந்தது. மற்றப் பிள்ளைகள் பலர் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தார்கள். பள்ளிக்கூடத்தைக் கேள்வி கேட்கும் பழக்கம் எங்களிடம் இருக்கவில்லை.

இங்கே சட்டம் கேள்வியை எதிர்பார்க்கிறது. பெற்றோர் அதிபருக்கு எழுதிக் கேட்டால், பிள்ளையை ஐ.பி.ஆர்.சி. எனும் குழுவின் முன் கொண்டுபோயே ஆகவேண்டும். மொழிபெயர்ப்பாளரையும் துணைக்கு ஒருவரையும் அழைத்துப் போகலாம். பிள்ளையின் தேவைக்குப் பொருந்தி, பெற்றோரும் விரும்பினால் குழு சாதாரண வகுப்பையே முதலில் கருதவேண்டும். புதிய இடத்தில் சேர்ந்து 30 பள்ளி நாட்களுக்குள் தனிநபர் கல்வித் திட்டம் தயாராகவேண்டும். முடிவு பிடிக்காவிட்டால் 15 நாட்களுக்குள் இரண்டாவது கூட்டம் கேட்கலாம். 30 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம்.

கையெழுத்தும் இல்லை, மேன்முறையீடும் இல்லை என்றால் முடிவு தானாகவே நடைமுறைக்கு வந்துவிடும். என் புத்தி அந்தத் தாய்க்குச் செய்தது இதைத்தான். நாங்கள் யோசித்துக்கொண்டிருக்க, நாட்கள் கடந்து, பையன் வேறொரு பள்ளியின் சிறு வகுப்புக்கு மாற்றப்பட்டான். எங்களுக்கு மௌனம் மரியாதை. அங்கே அது சம்மதம்.

இன்னொரு கதவும் சட்டத்தில் இருந்தது. புதிய இடத்தில் மூன்று மாதம் கழிந்தால் மறுபரிசீலனை கேட்கலாம். அந்தத் தாயும் நானும் சமையலறை மேசையில் இருந்து இரண்டு வரிக் கடிதம் எழுதினோம். இரண்டாவது தடவை அவரே பேசினார். மகனுக்கு என்ன வரும், எதற்குப் பயப்படுவான், யாரோடு சிரிப்பான் என்று தமிழில் சொன்னார். நான் மொழிபெயர்க்க, அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

பையன் இப்போது அரைநாள் சாதாரண வகுப்பில் இருக்கிறான். ஒதுக்கிவிடுவார்களா என்று இன்று ஒரு தாய் கேட்டால் என் பதில் இதுதான்: "அது நாங்கள் கேக்கிறதிலையும் இருக்கு தங்கச்சி. திகதியை முதலில் குறிச்சு வையுங்கோ."