பணியிட உறவும் வேலைத்திறனும்: புதுச்சேரி ஆலைகள் தரும் பாடம்

வேலை தெரிந்தால் போதும், மற்றவை தானாக நடக்கும் என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் ஓரிடத்தில் ஏனோதானோவென்று இருந்த ஒருவர், வேறு இடத்துக்கு மாறியதும் சுறுசுறுப்பாக வேலை செய்வதைப் பார்க்கிறோம். அவரது திறமை ஒரே நாளில் கூடிவிடவில்லை. மேலாளர் நடத்தும் விதமும், சக ஊழியர்களின் போக்கும், குறையைச் சொல்ல வழி இருப்பதும்தான் மாறியிருக்கின்றன.

1936 ஜூலை 30

இந்த உண்மையை அதிக விலை கொடுத்துக் கற்ற ஊர் புதுச்சேரி. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சவானா, ரோடியர், கப்ளே ஆகிய பஞ்சாலைகள் இங்கே ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தன. நீண்ட வேலை நேரம், குறைந்த கூலி, குழந்தைத் தொழிலாளர் முறை ஆகியவற்றுக்கு எதிராக வ. சுப்பையா போன்றோர் தொழிலாளர்களைத் திரட்டினர். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டே பிரெஞ்சிந்தியாவில் 8 மணி நேர வேலை சட்டமானது. அந்தத் தியாகிகளைப் புதுச்சேரி இன்றும் ஆண்டுதோறும் ஜூலை 30-இல் நினைவுகூர்கிறது.

இதை முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான மனக்கசப்பு என்று சுருக்கிவிட முடியாது. அது கூலிக்கும் உரிமைக்குமான போராட்டம். ஆயினும் ஒன்று தெளிவாகிறது. குறையைக் கேட்க ஆளில்லாத இடத்தில் தறி ஓடாது. பேச்சு நின்றால் உற்பத்தியும் நிற்கும்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

அமெரிக்காவின் சிகாகோ அருகே இருந்த ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை ஆய்வுகள் நடந்தன. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்பதே முதல் கேள்வி. வெளிச்சத்தைக் குறைத்தபோதும் உற்பத்தி கூடியதாக ஆய்வாளர்கள் கண்டனர். தங்களைக் கவனிக்கிறார்கள், தங்கள் பேச்சைக் கேட்கிறார்கள் என்ற உணர்வே காரணம் என்று எல்டன் மேயோ உள்ளிட்டோர் விளக்கினர். இந்த முடிவுகளைப் பிற்கால அறிஞர்கள் சிலர் கேள்விக்கு உட்படுத்தினர். ஆனாலும் பணியிட மனித உறவுகள் குறித்த ஆய்வுக்கு அதுவே பெரிய தொடக்கம்.

1990-களில் எமி எட்மன்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நல்ல உறவுள்ள குழுக்களில் மருந்து தொடர்பான தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பது இதன் பொருளல்ல, பயமின்றித் தவறுகளை வெளியே சொன்னார்கள் என்று அவர் விளக்கினார். பயந்த குழுவில் தவறு மறைக்கப்படும். மறைத்த தவறைத் திருத்த முடியாது.

நம் பணியிடங்களில்

மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளானாலும் நேரு வீதிக் கடைகளானாலும் இழப்பு ஏற்படும் விதம் ஒன்றுதான். முதல் ஷிப்ட் ஆள் இயந்திரத்தில் கேட்ட வித்தியாசமான சத்தத்தை அடுத்த ஷிப்ட் ஆளிடம் சொல்லாமல் போகிறார், இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இயந்திரம் பழுதாகிறது. வாடிக்கையாளர் முன்னிலையில் திட்டு வாங்கிய விற்பனையாளர், அடுத்து வருபவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒருவர் தினமும் தாமதமாக வந்தால் அவர் வேலையும் மற்றவர் தலையில் விழுகிறது.

ஊழியர்கள் கவனிக்க வேண்டியவை

• நேரம் தவறாமை. தாமதமாகும் என்றால் முன்கூட்டியே தகவல் சொல்லுங்கள்.
• சக ஊழியர் மீது குறை இருந்தால் அவரிடமே தனியாகப் பேசுங்கள். புறம் பேசுவது குழுவைப் பிரிக்கும்.
• அடுத்தவர் உழைப்பை உங்கள் பெயரில் காட்டாதீர்கள்.
• தவறு நேர்ந்தால் உடனே தெரிவியுங்கள்.

நிர்வாகம் கவனிக்க வேண்டியவை

• பாராட்டைப் பலர் முன்னிலையிலும் கண்டிப்பைத் தனியாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.
• சம்பளம், விடுப்பு, ஓவர்டைம் ஆகியவற்றில் எல்லோருக்கும் ஒரே விதி இருக்கட்டும்.
• தவறைச் சொல்ல வந்தவரையே தண்டித்தால் அடுத்தமுறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.
• பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையை 'உறவுச் சிக்கல்' என்று மூடி மறைப்பது குற்றத்துக்குத் துணைபோவதாகும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். பொதுவாகச் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் அளிக்க வேண்டும்.

நல்லுறவு என்பது எல்லோரும் நண்பர்களாக இருப்பதல்ல. பிடிக்காதவரோடும் முறையாகப் பேசி வேலையை முடிப்பதும், குறையைச் சொன்னவருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்வதும்தான். நியாயமான கூலிக்கும் வேலை நேரத்துக்கும் இனிய பேச்சு ஒருபோதும் ஈடாகாது. இரண்டும் சேர்ந்திருக்கும் இடத்தில்தான் ஊழியர் முழு மனதோடு உழைப்பார்.