ஓய்வுநாளும் ஆலைத் தொழிலாளரும்

நம் நாட்டு ஆலைகளுக்கு ஞாயிறு விடுமுறையை ஈட்டித் தந்தது திருச்சபையே என்று நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். வரலாறு வேறுவிதமாய்ச் சொல்லுகிறது. 1884இல் பம்பாயில், ஜோதிராவ் புலேயின் சத்திய சோதக இயக்கத்தைச் சார்ந்த நாராயண் மேகாஜி லோகண்டே ஆலைத் தொழிலாளரைத் திரட்டி, ஞாயிறுதோறும் முழு ஓய்வும் நண்பகலில் அரைமணி இடைவேளையும் வேண்டி விண்ணப்பம் அனுப்பினார். ஒப்பமிட்டோர் ஏறத்தாழ 5,500 பேர். 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில்தான் வார விடுமுறை இடம்பெற்றது.

யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் ஓய்வுநாளுக்குப் படைப்பைக் காரணங்காட்டுகிறது. உபாகமம் 5ஆம் அதிகாரமோ எகிப்தின் அடிமைத்தனத்தை நினைப்பூட்டி, வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்கிறது. லோகண்டேயின் விண்ணப்பம் உபாகமத்துக்கு அருகே நிற்கிறது எனலாம். நமது பிரசங்கங்கள் பெரும்பாலும் யாத்திராகமத்தோடு நின்றுவிடுகின்றன.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு ஞாயிற்றுக்கு முன்னோ பின்னோ மூன்று நாட்களுக்குள் மாற்று விடுமுறை அளிக்க இடந்தந்தது. ஆதலால் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் ஷிப்டு முறையில் உழைக்கும் விசுவாசிக்குச் செவ்வாயன்று ஓய்வு வாய்க்கலாம். ஆராதனைக்கு வராதவரெனக் கண்டிக்குமுன் ஆயர் அவருடைய ஷிப்டைக் கேட்டறிந்ததுண்டா? (ஞாயிறன்று ஆயருக்கே ஓய்வில்லை என்பது வேறு செய்தி.) செவ்வாயன்று அவர் இல்லத்திற்குச் சென்று உடனமர்ந்து ஜெபிப்போமா, அல்லது சபைப்பணி என்று அன்றும் ஒரு வேலையைச் சுமத்துவோமா?