ஒட்டுப்பலகையின் ஓரம்

பம்மலுக்கும் திருநீர்மலைக்கும் அருகே அடையாற்றங்கரையில் அமைந்த அனகாபுத்தூர், மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, குறிப்பாக நைஜீரியாவுக்கு, ஏற்றுமதியான ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்’ என்னும் கட்டம்போட்ட கைத்தறித் துணியால் பெயர்பெற்ற நெசவூராகும். அந்த ஏற்றுமதி நலிந்து, ஊர் படிப்படியாகச் சென்னையின் குடியிருப்புப் புறநகராகி, 2021இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் சேர்க்கப்பட்ட காலத்திற்குள், தறிச்சட்டமும் நிலையும் கதவும் செய்துவந்த தச்சுத்தொழிலும் உருமாறி, அடுக்களை அலமாரி செய்வதே அதன் பெரும்பகுதி வேலையாகிவிட்டது. கட்டைமரத்தின் இடத்தைப் பிளைவுட் எனப் பரவலாக வழங்கும் ஒட்டுப்பலகை பிடித்துக்கொண்ட இம்மாற்றத்தில், பழைய தச்சருக்கு ஏறக்குறைய இல்லாதிருந்த ஒரு சிக்கல் புதிதாக முளைத்தது. அறுத்த பலகையின் ஓரத்தை எதைக்கொண்டு மூடுவது என்பதே அச்சிக்கல்.

மரத்தின் நார்கள் நீளவாட்டில் ஓடுவதால், குறுக்கே அறுத்த முனையில் நுண்குழாய்களின் வாய்கள் திறந்து நிற்கின்றன. பலகையின் பரப்பைவிட இம்முனை வழியாக நீர் பன்மடங்கு விரைவாக உள்ளேறும். கட்டைமரத்தில் வேலைசெய்த தச்சர், முனையைக் கழுந்தாக, அதாவது ஒடுங்கிய நாக்காகச் செதுக்கி எதிர்ச்சட்டத்தின் துளைக்குள் செலுத்தியதாலும், நடுப்பலகையின் விளிம்புகளைச் சட்டத்தில் வெட்டிய காடிக்குள், அதாவது பள்ளக்கோட்டுக்குள், இறக்கியதாலும், திறந்த முனைகளில் பெரும்பாலானவை மூட்டுக்குள்ளேயே மறைந்துவிட்டன. ஒட்டுப்பலகையோ சுழலும் மரத்தடியிலிருந்து உரித்தெடுத்த வெனீர் எனும் மெல்லிய மரத்தாள்களை, ஒன்றன் நார் மற்றதற்குக் குறுக்கே வருமாறு ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்கி, பசையிட்டு அழுத்திச் செய்யப்படுவது. எந்தப் பக்கம் அறுத்தாலும் ஓரத்தில் சில அடுக்குகளின் திறந்த முனைகள் தென்பட்டே தீரும்.

இந்தியாவில் ஒட்டுப்பலகை முதலில் பேரளவில் பயன்பட்டது அடுக்களையில் அன்று, தேயிலைப் பெட்டியில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எஸ்டோனியாவில் செய்த பலகைகளை ‘வெனெஸ்டா’ என்னும் பெயரில் விற்ற நிறுவனம் உலகெங்கும் பெட்டிகளை அனுப்பியது. 1907இல் அண்டார்க்டிகாவுக்குப் புறப்பட்ட ஷாக்கிள்டனின் குழு தன் சரக்குகளை வெனெஸ்டா பெட்டிகளில் கொண்டுசென்றது, அப்பெட்டிப் பலகைகளே அங்கு 1908இல் அச்சிட்ட நூலுக்கு அட்டையாகவும் உதவின. பின்னர் அசாமிலேயே தேயிலைப் பெட்டிக்கான ஒட்டுப்பலகை ஆலைகள் எழுந்தன. அப்பெட்டியின் உட்புறம் ஈயத்தாளும் பிற்காலத்தில் அலுமினியத்தாளும் ஈரத்தைத் தடுக்க, வெளிவிளிம்புகளில் வளைத்து அறையப்பட்ட தகரப்பட்டை ஓரங்கள் பிளந்து சிதையாமல் காத்தது. அலங்காரத்தின் சாயல் சற்றும் இல்லாத அத்தகரப்பட்டையை இந்நாட்டு ஓரப்பட்டைகளின் முன்னோடி எனக் கொள்வது பொருந்தும்.

தென்னிந்தியாவில் 1945இல் கண்ணூரை அடுத்த வளபட்டணத்தில் வெஸ்டர்ன் இந்தியா பிளைவுட்ஸ் தொடங்கப்பட்டது. ஆயினும் சென்னைப் பகுதி நடுத்தர வீடுகளின் அடுக்களையில் கடப்பா கல் தட்டுகளே நெடுங்காலம் கோலோச்சின. கல்லுக்கு ஈரமும் கரையானும் பொருட்டல்ல ஆதலால், மரத்தின் வேலை அலமாரியின் முன்கதவோடு நின்றது. அக்கதவு ஒட்டுப்பலகையாக மாறியபோது தச்சர் கைக்கொண்ட முறை ‘லிப்பிங்’ எனப்பட்டது: தேக்கை மெல்லிய ரீப்பராக அறுத்து, ஓரத்தில் பசையிட்டுத் தலையற்ற ஆணியால் பொருத்தி, பசை இறுகியபின் இழைப்புளியால் பலகையின் மட்டத்திற்குச் சீவுவது. விலங்குத்தோலையும் எலும்பையும் காய்ச்சிச் செய்த வஜ்ஜிரம் எனும் பழைய பசை சூடாக இருக்கையிலேயே பூசப்பட வேண்டியிருந்ததோடு ஈரத்தில் இளகியும் விடும். 1959இல் சந்தைக்கு வந்த ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசைகள் அவ்வடுப்பு வேலையை ஒழித்தன. மைக்கா எனத் தச்சர் அழைக்கும் லேமினேட் தகட்டை ரீப்பருக்கு முன்பே ஒட்டினால் தேக்கு கதவைச் சுற்றிச் சட்டம்போல் தெரியும். பின்பு ஒட்டினால் தேக்கின் முகம் தகட்டுக்கடியில் மறைந்து, மூட்டும் காக்கப்படும். இரண்டாவதே உறுதியான வேலை என்றாலும், தேக்குக்குப் பணம் கொடுத்தவருக்குத் தேக்கு கண்ணில் பட வேண்டும் என்பதால் முதலாவதே அதிகம் விரும்பப்பட்டதில் வியப்பில்லை.

1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை வடகிழக்கின் காட்டுமர வெட்டலையும் அதைச் சார்ந்த ஆலைகளையும் முடக்கியபின், தொழிலின் மையம் ஹரியானாவின் யமுனா நகருக்கும் கேரளத்தின் பெரும்பாவூருக்கும் நகர்ந்தது. காட்டுமரத்தின் இடத்தில் பாப்லர், யூகலிப்டஸ், ரப்பர் ஆகிய தோட்டமரங்கள் வந்தன. இவற்றின் சிறு தடிகளிலிருந்து உரித்த தாள்கள் துண்டுதுண்டாக அடுக்கப்படுவதால், மலிவான பலகையை அறுத்தால் உள்ளடுக்கில் இடைவெளிகள் ஓரத்தில் வாய்திறக்கின்றன. அவற்றை மக்குப் பூசி நிரப்பிய பின்னரே ரீப்பரோ பட்டையோ பிடிக்கும். கடல்தரப் பலகைக்கான ஐ.எஸ். 710 தரநிர்ணயம் மாதிரித் துண்டுகளை 72 மணிநேரம் கொதிநீரில் இட்டுச் சோதிக்கச் சொல்கிறது என்றாலும், அச்சோதனை அளப்பது பசையின் பிடிப்பை. அடுக்குகள் பிரியாமல் நின்றாலும் மரம் நீரை உறிஞ்சி உப்புவதைப் பசை தடுப்பதில்லை. இதை விற்பனையாளர்கள் விளக்குவது அரிது.

இன்றைய பி.வி.சி. ஓரப்பட்டையின் பின்னணி மரத்துகள்பலகையைச் சார்ந்தது. ஆணி தாங்காத அப்பலகையின் சொரசொரப்பான ஓரத்திற்கு ரீப்பர் ஒத்துவராததால், உருகுபசையைச் சூடாகப் பூசிப் பட்டையை அழுத்தி ஒட்டும் இயந்திரங்கள் வந்தன; ஜெர்மனியின் ஹோமாக் நிறுவனம் 1962இல் இவ்வகை இயந்திரத்தை வெளியிட்டது. மாடுலர் கிச்சன் எனும் பெட்டிமுறை அடுக்களையோடு இம்முறை இந்தியாவிலும் பரவி, ஒட்டுப்பலகைக்கும் பொருந்தியது. இழைப்புளிப் பழக்கம் தேவைப்படாமையால் வேலை விரைந்தது.

விரைவோடு ஒரு பார்வைக் கோளாறும் வந்தது. தேயிலைப் பெட்டியில் எல்லா விளிம்பும் மூடப்பட்டது. அடுக்களைப் பெட்டியிலோ முன்னோரம் மட்டும் பளபளக்கும் பட்டை பெற, சுவரை ஒட்டிய பின்னோரமும், தரையை நோக்கிய அடியோரமும், பாத்திரத்தொட்டிக் குழாய்க்காக வீட்டிலேயே வெட்டிய துளையின் வளையமும் பலசமயம் வெறுமையாக விடப்படுகின்றன. 2015 டிசம்பர் தொடக்கத்தில், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு சுமார் 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டு அடையாறு கரைமீறியபோது அனகாபுத்தூரின் தாழ்வான பகுதிகளிலும் வெள்ளம் புகுந்தது. அத்தகைய வெள்ளத்தை எந்தப் பட்டையும் முழுமையாகத் தடுக்காது என்பது உண்மையே. ஆனால் அன்றாடம் தொட்டியடியில் கசியும் நீருக்கும், தரை கழுவும் நீருக்கும் நுழைவாயில் அந்த மறைவான ஓரங்களே. அங்கே இருமுறை பூசிய சீலரோ, எபாக்சியோ, வெறும் எனாமல் பெயின்டோகூட முன்னோரத்தின் விலையுயர்ந்த பட்டையைவிட அலமாரிக்கு அதிக ஆயுள் தரும். வேலை ஒப்பந்தங்கள் பட்டையின் தடிமனையும் நிறத்தையும் குறிப்பிடும் அளவுக்கு இப்பூச்சைக் குறிப்பிடுவதில்லை.